விலையும் வரிசையும்: 1938ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் அஞ்சல்தலைகள்

அஞ்சல்தலையில் அச்சாகும் எண் விலையைக் குறிப்பது. 1938இல் அமெரிக்க அஞ்சல்துறை வெளியிட்ட தொடரில் அதே எண் வரலாற்றையும் குறித்தது. 1 சென்ட் தலையில் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன், 2இல் ஜான் ஆடம்ஸ், 3இல் தாமஸ் ஜெபர்சன், 16இல் ஆபிரகாம் லிங்கன். தமிழில் 'பதினாறு' என்பதையும் 'பதினாறாம்' என்பதையும் ஓர் ஈறு பிரித்துக் காட்டுகிறது. இத்தொடரிலோ ஒரே எண் இரு பொருளையும் சுமந்து நின்றது. 22 வரை இவ்வொழுங்கு பிசகவில்லை.

அன்றைய அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் சிறுவயது முதலே அஞ்சல்தலை சேகரித்தவர். புதிய தொடரின் வடிவமைப்புக்காக 1937இல் அரசு ஒரு போட்டியை நடத்தியது. 1,100க்கும் மேற்பட்ட வரைவுகள் வந்தன. பரிசு பெற்றவர் எலேன் ராலின்சன் என்னும் ஓவியர். தொடரின் மொத்தத் தலைகள் 32. அவற்றுள் 29 அதிபர்களுக்கு உரியவை. எஞ்சிய மூன்றில் பெஞ்சமின் பிராங்க்ளின், மார்த்தா வாஷிங்டன், வெள்ளை மாளிகை ஆகியவை இடம்பெற்றன. தொடரின் ஒரே பெண் உருவம் மார்த்தாவே. உயிருடன் இருப்போரை அச்சிடும் வழக்கமில்லை. ஆகவே முன்னாள் அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் இல்லை, 1933இல் மறைந்த கால்வின் கூலிட்ஜ் இறுதியில் நிற்கிறார்.

1847இல் முதல் தலைகள் வெளிவந்தது தொட்டு அதுவரை புகழே இடத்தை முடிவுசெய்தது. வாஷிங்டனும் லிங்கனும் மீண்டும் மீண்டும் அச்சாயினர். ஜான் டைலர், மில்லார்ட் பில்மோர், பிராங்க்ளின் பியர்ஸ் போன்றோருக்கு ஒரு தலைகூட இல்லை. 1938ஆம் ஆண்டுத் தொடர் அவர்களுக்கும் இருக்கை அளித்தது. ஆனால் வரிசை எதையும் மதிப்பிடுவதில்லை. 10 சென்ட் டைலர், உள்நாட்டுப் போர் மூண்டபோது பிரிந்து சென்ற தென்மாநிலங்களின் பேரவைக்குத் தேர்வானவர். 17 சென்ட் ஆண்ட்ரூ ஜான்சன் 1868இல் பதவிநீக்க விசாரணைக்கு உள்ளானவர். இருவருக்கு இடையில், நாட்டைப் பிளவுறாமல் காத்த லிங்கன். மூவருக்கும் ஒரே சட்டகம், ஒரே வகை மார்பளவுச் சிலையுருவம். நடுநிலையாகத் தோன்றும் இந்த எண்வரிசை, பூசலையும் அடிமைமுறையையும் பேசாமல் கடந்துபோகும் வழியும் ஆகும்.

வரிசையும் முழுமையன்று. குரோவர் கிளீவ்லாந்து இடைவெளிவிட்டு இருமுறை பதவி வகித்ததால் அவரே 22ஆம் அதிபரும் 24ஆம் அதிபரும் ஆவார். அவருக்கு 22 சென்ட் கிடைத்தது. இடையில் ஆண்ட 23ஆம் அதிபர் பெஞ்சமின் ஹாரிசனுக்கு 24 சென்ட். 23 சென்ட் தலை அச்சாகவே இல்லை. வில்லியம் மெக்கின்லியோடு 25இல் எண் மீண்டும் பொருந்தி, பின்னர் அஞ்சல் தேவைக்கேற்ப 30, 50, 1 டாலர் எனத் தாவியது.

அரசு எழுதிய இவ்வரிசையை மக்களின் கடிதங்கள் வேறுவிதமாக மாற்றி எழுதின. சாதாரணக் கடிதத்திற்கு 3 சென்ட் என்பதால் ஜெபர்சன் வீடுதோறும் சென்றார். 1939இல் ஐரோப்பாவுக்கான வானஞ்சல் அரை அவுன்சுக்கு 30 சென்ட்; தியோடர் ரூஸ்வெல்ட் போர்க்கால உறைகளில் கடல் கடந்தார். எண்பொருத்தத்திற்காகவே பிறந்த 19, 21 போன்ற விலைகளுக்கு அன்றாட வேலை குறைவு. ஆகவே அத்தகைய தலை தனித்து நின்று, சரியான கட்டணத்தைச் செலுத்திய உறையையே தேர்ந்த சேகரிப்பாளர் தேடுகின்றனர்.

உறையை நீரில் ஊறவைத்துத் தலையை மட்டும் பிரித்தெடுத்து ஏட்டில் ஒட்டுவது நெடுநாள் பழக்கம். அவ்வாறு பிரிக்கும்போது முத்திரை, நாள், ஊர், தணிக்கைக் குறி, கட்டணம் அனைத்தும் அழிகின்றன. எஞ்சுவது அரசு சொன்ன வரலாறு மட்டுமே; அதனை மக்கள் கையாண்ட வரலாறு நீரோடு போய்விடுகிறது. தொல்பொருளுக்கு மண்ணடுக்கு எதுவோ, அஞ்சல்தலைக்கு உறை அதுவே.