பனிப்பருவமும் எண்ணூர்க் கழியும்

நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு என்றார் தொல்காப்பியர்; பெரும்பொழுதை வரையறுத்தாரில்லை. பின்வந்த இலக்கண மரபு ஆறு பருவங்களையும் அந்நிலத்துக்கு உரியதாக்கியது. ஆயினும் டோல்கேட்டுக்கு வடக்கே, எண்ணூர்க் கழியை நம்பி வாழும் குப்பங்களுக்கு முன்பனியும் பின்பனியும் தனிப் பொருளுடையன.

குளிர்நாடுகளில் ஏரி உறையும். மக்கள் பனிப்பாளத்தில் துளையிட்டுத் தூண்டில் இறக்குவர். இங்கோ குளிர்காலம் நன்னீரின் வருகைக்காலம். வடகிழக்குப் பருவமழையில் பெருகும் கொசஸ்தலையாறு முகத்துவாரத்தில் உப்பைத் தணிக்கிறது. கடலில் பிறந்த இறால்குஞ்சுகள் கழியில் வளர்ந்து கடலுக்கே மீள்கின்றன. மடவையும் கொடுவாயும் அந்நீரில் உலவுகின்றன. எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிரும் 'பாடு' வழக்கம், எண்ணூர் முதல் பழவேற்காடு வரை நிலவும் எழுதாச் சட்டம்.

1806 அளவில் காக்ரேன் வெட்டுவித்த கால்வாய் சென்னையை எண்ணூருடன் இணைத்தது. 1878இல் அது பக்கிங்காம் பெயர் பெற்றது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் ஆற்றுநீரை நகரின் குடிநீராக்கியது. 1970இல் எண்ணூரிலும் 1994இல் வடசென்னையிலும் அனல்மின் நிலையங்கள் எழுந்தன. சாம்பற்குழாய்களின் கசிவு கழியைத் தூர்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெயும் கழியில் இறங்கியது. மார்கழி பிறந்தபோது வலை இழுக்க வேண்டிய கைகள் வாளியால் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தன.

பாடு முறை மனிதர்க்கிடையே நீரைப் பங்கிட்டது. ஆலைக்கும் மீனுக்கும் இடையே பங்கிட அதற்கு அதிகாரமில்லை. நெய்தலைப் பாடும் கவிஞர், அந்நீரின் நிறத்தையும் அறிந்து பாடுவது கடன்.