இல்லாத சாவியைக் கையாளுதல்

சாவி-மதிப்புத் தரவுத்தளத்தில் கேட்ட சாவி இல்லாதபோது நிரல் என்ன செய்ய வேண்டும் என வகுத்துக்கொள்வதே இல்லாத சாவியைக் கையாளுதல் எனப்படும். அந்தச் சாவி எழுதப்படாமலே இருந்திருக்கலாம், அழிக்கப்பட்டிருக்கலாம், காலாவதியாகியிருக்கலாம். எதுவானாலும் ‘இல்லை’ என்பது பிழையன்று, முறையான விடை. அதை ‘இருக்கிறது, ஆனால் வெறுமை’, ‘கேட்கவே முடியவில்லை’ ஆகிய இரண்டிலிருந்தும் பிரித்தறிவதே இங்குள்ள முதன்மையான பணி.

தரவுத்தளங்களின் விடை

2009இல் சல்வத்தோரே சான்பிலிப்போ வெளியிட்ட ரெடிஸ் தரவுத்தளத்தில், இல்லாத சாவிக்கு ‘கெட்’ கட்டளை ‘நில்’ (எதுவுமில்லை) தரும். பல சாவிகளை ஒன்றாகக் கேட்கும் ‘எம்கெட்’, இல்லாதவற்றின் இடத்தில் நில் வைத்து வரிசையைக் காக்கும். எஞ்சிய ஆயுளைச் சொல்லும் ‘டிடிஎல்’, சாவி இல்லையென்றால் -2 என்றும், இருந்து காலக்கெடு இல்லையென்றால் -1 என்றும் சொல்லும். ‘இன்கர்’ கட்டளையோ இல்லாத சாவியை 0 எனக் கொண்டு 1 ஆக்கிவிடும். லெவல்டிபி தரவுத்தளம் ‘நாட்ஃபவுண்ட்’ என்ற தனி நிலையைத் திருப்பும். அமேசானின் டைனமோடிபி தரும் விடையில் ‘ஐட்டம்’ என்ற பகுதியே இருக்காது.

நிரலில் கவனிக்க வேண்டியவை

பைத்தானில் ரெடிஸின் நில் ‘நன்’ ஆக வரும். ‘இஃப் நாட் மதிப்பு’ என்று சோதித்தால், சேமித்து வைத்த வெற்றுச் சரமும் இல்லாததாகவே கணக்கிடப்படும். ‘இஸ் நன்’ என்று சோதிப்பதே சரி. கோ மொழியின் கோ-ரெடிஸ் நூலகம் இதையே ‘ரெடிஸ்.நில்’ என்ற பிழை மதிப்பாகத் தருகிறது. இதையும் இணைப்பு அறுந்த பிழையையும் ஒன்றாக எண்ணி இயல்பு மதிப்பை எழுதினால், எடுத்துக்காட்டாக, அந்தச் சாவியில் பயனர் முன்பு சேமித்த விருப்பங்கள் அழிந்துபோகும்.

சாவி உண்டா எனச் சொல்லும் ‘எக்ஸிஸ்ட்ஸ்’ கட்டளை கொண்டு சோதித்துவிட்டுப் பிறகு ‘கெட்’ செய்வதும் நம்பத்தக்கதன்று. இரண்டுக்கும் நடுவே சாவி காலாவதியாகலாம். நேரே கேட்டு, வந்த விடையைச் சோதிப்பதே பாதுகாப்பானது. இல்லாவிட்டால் மட்டும் எழுத, ‘செட்’ கட்டளையுடன் ‘என்எக்ஸ்’ சேர்த்தால் சோதனையும் எழுத்தும் பிரியாமல் ஒரே செயலாக நடக்கும்.

திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சாவிகள்

ரெடிஸ் தற்காலிகச் சேமிப்பாக இருக்கையில், எங்குமே இல்லாத சாவியை ஓயாமல் கேட்டால் ஒவ்வொரு கோரிக்கையும் பின்னாலுள்ள முதன்மைத் தரவுத்தளத்தைத் தாக்கும். அதைத் தடுக்க, ‘இல்லை’ என்ற குறியையே குறுகிய காலக்கெடுவுடன் சேமிப்பர். 1970இல் பர்ட்டன் ஹோவர்ட் புளூம் முன்வைத்த புளூம் வடிகட்டியும் பயன்படும். ஒரு சாவி தன்னில் சேர்க்கப்பட்டதா எனக் கேட்டால், அது ‘இருக்கலாம்’ என்பது சில வேளை தவறாகும். ‘இல்லை’ என்றால் அந்தச் சாவி அதில் சேர்க்கப்படவே இல்லை என்பது உறுதி.