இருளிற் பிறக்கும் விண்மீன்கள்

பால்வீதியை உற்று நோக்குவோமாயின், விண்மீன் கூட்டங்களின் நடுவே கருந்திட்டுகள் சில தோன்றும். 1785-ல் வில்லியம் ஹெர்ஷல் என்னும் பேரறிஞர் இத்தகையதொன்றை வானத்தின் துவாரம் என்றே கருதினார்.

பெரியவர் சொல் என்று ஆராய்ச்சி அதோடு நின்றுவிடவில்லை. அமெரிக்கரான எட்வர்ட் பர்னார்ட், வறுமையால் பள்ளிப் படிப்பை இழந்து, ஒன்பதாம் வயதிலேயே புகைப்பட நிலையத்தில் வேலைக்குச் சென்றவர். அங்குக் கற்ற தொழிலே பின்னர் அவருக்குக் கண்ணாயிற்று. இரவெல்லாம் விழித்து வானத்தைப் படம் பிடித்த அவர், 1919-ல் 182 கருந்திட்டுகளின் பட்டியலை வெளியிட்டார். அவற்றுட் பல வெற்றிடமல்ல, பின்னுள்ள ஒளியை மறைக்கும் பொருள்களே என்றும் துணிந்தார்.

அவை வாயுவும் தூசியும் செறிந்த மேகங்கள். அவற்றின் அகத்தே, சுழியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 260 டிகிரி சென்டிகிரேட் குளிர். வெப்பம் குன்றவே வாயுவின் எதிர்ப்புத் தளரும்; மேகம் தன் ஈர்ப்பினாலேயே சுருங்கும்; நடுவிடம் சூடேறும்; நம் சூரியனைப் போன்றதும் அதனினும் சிறியதுமான விண்மீன் உருவாகும். சிறு கரு உருண்டைகள் விண்மீன்களின் பிறப்பிடமாகலாம் என்று 1947-ல் பார்ட் போக், எடித் ரெய்லி இருவரும் எழுதினர். 1990-ல் அகச்சிவப்புக் கதிர் கொண்டு ஆராய்ந்தோர், அவற்றினுள்ளே இளம் விண்மீன்களைக் கண்டனர்.

துவாரம் என்று எண்ணப்பட்டதே கருவறையாயிற்று. கண்ணுக்கு இருளாய்த் தோன்றுவதை வெறுமையென்று முடிவு கட்டுதல் அறிவுடைமையாகாது என்பதை நாம் உணர்வோமாக.