மறு காலை நீட்ட மறுத்த தளபதி

ரோமாபுரியில் ஏழு முறை கான்சல் பதவி வகித்த காயுஸ் மாரியுஸ் (கி.மு. 157-86) போர்க்களத்தில் பெயர் எடுத்தவர். அவருடைய இரண்டு கால்களிலும் ரத்தக்குழாய்கள் பருத்து நெளிந்து புடைத்திருந்தன. பார்க்க விகாரமாக இருந்ததால் மருத்துவரை நாடினார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. நோயாளியைக் கட்டிப் போட்ட பிறகே கத்தியை எடுப்பார்கள். மாரியுஸ் தம்மைக் கட்ட வேண்டாம் என்று சொல்லி ஒரு காலை நீட்டினார். முனகவில்லை; முகம் மாறவில்லை. அந்தக் கால் முடிந்து மருத்துவர் அடுத்த காலுக்கு வந்தபோது, போதும் என்று தடுத்துவிட்டார். கிடைக்கும் பலன் இந்த வலிக்கு ஈடாகாது என்பதே அவர் சொன்ன காரணம்.

இதை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். வலியைப் பற்றிப் பேசும்போது சிசெரோவும் இதே சம்பவத்தை எடுத்துக்காட்டுகிறார். வலியைத் தாங்கியது வீரம் என்றால், அவசியமில்லாமல் மேலும் வலியைத் தேடாதது மனித இயல்பு என்பது அவர் பார்வை. ‘வெரிக்கோஸ் வெயின்’ எனப்படும் சுருள் சிரை நோயில் அன்று முதல் இன்று வரை நோயாளி போட வேண்டிய கணக்கு இதுதான்: நோயின் தொல்லை பெரிதா, சிகிச்சையின் தொல்லை பெரிதா?

கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் எபர்ஸ் பாப்பிரஸ் சுவடி, இத்தகைய நெளிந்த வீக்கத்தில் கத்தி வைக்க வேண்டாம் என்றே எச்சரித்தது. ரோமானியர்கள் துணிந்தார்கள். கொக்கியால் இழுத்து அறுப்பதும் சூடு வைப்பதும் அவர்கள் முறை. கண்ணுக்குத் தெரிந்த முடிச்சை அகற்றினார்களே தவிர, முடிச்சு ஏன் விழுந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

கதவு பழுதான கதை

பேச்சுவழக்கில் ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்பார்கள். உண்மையில் இதற்கும் நரம்புக்கும் சம்பந்தமில்லை. காலிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தை ஏற்றிச் செல்லும் சிரைகளில் ஒருவழிக் கதவுகள் போல வால்வுகள் உள்ளன. நடக்கும்போது கெண்டைக்கால் தசை அழுத்தி ரத்தத்தை மேலே தள்ளும். வால்வு மூடி அதைத் திரும்பவிடாது. வால்வு பழுதானால் ரத்தம் கீழே வழிந்து தேங்குகிறது. சிரை புடைக்கிறது. பிறகு கணுக்கால் வீங்கி, தோல் கறுத்து, சிலருக்கு ஆறாத புண்ணும் வருகிறது. நாள் முழுவதும் நின்றே வேலை செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

இத்தாலியின் பதுவா நகரில் ஃபாப்ரிசியுஸ் 1603இல் இந்த வால்வுகளைப் பற்றி நூல் எழுதினார். அவை ரத்தத்தின் வேகத்தைக் குறைப்பவை என்று அவர் எண்ணிவிட்டார். ரத்தத்தை ஒரே திசையில் செலுத்தவே அவை இருக்கின்றன என்பதை, அவரிடம் பயின்ற வில்லியம் ஹார்வி 1628இல் விளக்கினார்.

அதன் பலன் நோயாளிக்குக் கிடைக்க மேலும் இரண்டரை நூற்றாண்டுகள் ஆயின. மயக்க மருந்து வந்த பிறகு, 1890 வாக்கில் ஜெர்மானிய மருத்துவர் டிரெண்டலன்பர்க், தொடையிலேயே பெரிய சிரையைக் கட்டி ஒழுக்கை அடைத்தார். 1905 முதல் 1907 வரை அமெரிக்காவில் கெல்லர், மேயோ, பாப்காக் ஆகியோர் சிரையையே உருவி எடுக்கும் முறைகளை வெளியிட்டார்கள். அந்த நூற்றாண்டின் இறுதி வரை உருவி எடுப்பதே பிரதான அறுவைச் சிகிச்சை. இடையில் 1967இல் அர்ஜென்டினா மருத்துவர் ஃபவலோரோ, அதே காலின் சிரையை எடுத்து இதயத்தின் அடைப்புக்கு மாற்றுவழி அமைக்கத் தொடங்கினார். நல்ல சிரையை வீணாக்காதீர்கள் என்று சொல்ல அது ஒரு புதிய காரணமாயிற்று.

கத்தியில்லாத வழி ஒன்றைக் கண்டவர் மருத்துவர் அல்லர். கால் புண்ணால் அவதிப்பட்ட அமெரிக்கப் பொறியாளர் கான்ராட் ஜோப்ஸ்ட், நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் வலி குறைவதைக் கவனித்தார். நீரின் ஆழம் கூடக்கூட அழுத்தமும் கூடும். அதைப் போலவே கணுக்காலில் அதிகமாகவும் மேலே குறைவாகவும் அழுத்தும் காலுறையை 1950 வாக்கில் உருவாக்கினார். காலுறை நிவாரணம் தரும். பழுதான வால்வைச் சரிசெய்யாது. வெப்பமான ஊரில் தினமும் அதை மாட்டுவதும் எளிதன்று. தமனி அடைப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்தும் ஆகலாம்.

இன்றைய தராசு

1990களின் இறுதியில் சிரைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, ரேடியோ அலை அல்லது லேசர் வெப்பத்தால் அதை மூடும் முறைகள் வந்தன. குறிப்பிட்ட இடத்தை மட்டும் மரக்கச் செய்தால் போதும். நுரை மருந்தை ஊசியால் செலுத்தும் முறையும் பரவியது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டி, வெப்ப முறையை முதலிலும் நுரையை அடுத்தும் அறுவையை மூன்றாவதாகவும் வைத்தது. மற்ற சிகிச்சைகள் பொருந்தாதவர்களுக்கே காலுறை என்றது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் இதில் விலக்கு: அவர்களுக்குக் குழாயும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், காலுறையைப் பரிசீலிக்கலாம்.

அதற்காகப் பழைய அறுவையை ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டனில் 798 பேரிடம் நடந்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2019இல் வந்தது. நுரை பெற்றவர்களைவிட லேசர் அல்லது அறுவை செய்துகொண்டவர்களின் வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது. செலவு, ஓய்வு நாள், மீண்டும் வரும் வாய்ப்பு ஆகியவற்றையும் ஒருவர் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அழகுக்காக மட்டும் என்றால், மாரியுஸைப் போல வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. புண் வந்துவிட்டால் கணக்கு வேறு. 2018இல் வெளியான மற்றொரு பிரிட்டிஷ் ஆய்வில் கால் புண் உள்ள 450 பேர் பங்கேற்றார்கள். எல்லாருக்கும் அழுத்தக் கட்டு போடப்பட்டது. ஒரு பிரிவினருக்குச் சிரையை உடனே மூடினார்கள், மற்றவர்களுக்குத் தள்ளிப்போட்டார்கள். உடனே மூடியவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறிவிட்டது. காத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஆற 82 நாள் ஆனது.