போதை ஊசியும் மனநலமும்: முதலில் எதற்கு மருந்து?

போதை ஊசி போட்டுக்கொள்வோரிடம் நம் பொதுச் சுகாதாரத் துறை முதலில் கேட்பது எச்ஐவி இருக்கிறதா என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதோடு நின்றுவிட முடியாது. சென்னையில் இத்தகையோர் 1,158 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வு 85 மரணங்களைப் பதிவுசெய்தது. எய்ட்ஸால் இறந்தவர்கள் 14 பேர். போதை மருந்து அளவு மிஞ்சி இறந்தவர்கள் 22 பேர். அந்த 22இல் தவறுதலாக நேர்ந்தவை எத்தனை, வாழ வேண்டாம் என்று போட்டுக்கொண்டவை எத்தனை என்று கணக்கு பிரித்துச் சொல்லாது. டெல்லியில் போதை ஊசி போட்டுக்கொள்ளும் 420 ஆண்களிடம் நடந்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதற்கு முந்தைய ஓராண்டில் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. மூன்றில் ஒருவருக்கு மேல் முயன்றும் இருந்தார்கள். கிருமியை மட்டும் துரத்திய கொள்கை, மனத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டது என்பதே என் வாதம்.

போதையே மனச்சோர்வைத் தருகிறது, அதை நிறுத்தினால் மனம் தானே தெளியும் என்பார்கள். இதில் பாதி உண்மை. ஹெராயினோ வலி மாத்திரையோ நின்றதும் தூக்கமின்மையும் பதற்றமும் சோர்வும் வருவது தெரிந்ததே. எது முன், எது பின் என்பதை ஒரே முறை பேட்டி கண்ட ஆய்வுகளால் தீர்மானிக்கவும் இயலாது. ஆனால் ஊசியை நிறுத்தியவர் திரும்பிப் போவது அதே தெருவுக்கு, அதே பசிக்கு, பேச்சை முறித்துக்கொண்ட அதே குடும்பத்துக்கு. சில வாரம் நிறுத்தினால் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடும்; மனம் உடைந்து மறுபடி பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுபோகும். ஆகவே ‘முதலில் நிறுத்து, மனத்தைப் பிறகு பார்க்கலாம்’ என்ற வரிசை உயிருக்கே ஆபத்தானது.

பரிவு காட்டினால் பழக்கம் பெருகும் என்பது இன்னொரு மறுப்பு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், 27ஆம் பிரிவில் பயன்படுத்துவோரைத் தண்டிக்கிறது. 64ஏ பிரிவில், தாமாகச் சிகிச்சைக்கு வரும் அடிமைப்பட்டோருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பும் தருகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ போதைசார்ந்த மனநிலைகளை மனநோய் என்றே வரையறுக்கிறது. பரிவு ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. மாத்திரையில் கலந்த மாவு ரத்தக்குழாயை அடைத்துக் கை புண்ணானவர், முழுக்கைச் சட்டையால் அதை மறைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகாமலே இருக்கிறார் என்றால், அவருக்குத் தெரிந்தது 27ஆம் பிரிவு மட்டும்தான்.

சட்டத்தில் உள்ள பரிவு சிகிச்சை தரும் முறையிலும் வேண்டும். போதைப்பொருளுக்கு மாற்று மருந்தான புப்ரநார்பினை ஊழியர் கண்ணெதிரே நாவடியில் வைத்து, கரையும்வரை சில நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் இது தினமும் நடக்க வேண்டியது. மதுரையில் கோச்சடையிலிருந்து கட்டட வேலைக்குப் போகிறவர் இதற்கு ஓரிடம், மனநல மருத்துவருக்கு வைகையைத் தாண்டிப் பெரியாஸ்பத்திரி என்று அலைந்தால் அன்றைய கூலி போய்விடும். கூலியா மருந்தா என்றால் கூலியே வெல்லும். மாற்று மருந்தும், மனநல ஆலோசகரும், மிஞ்சிய போதையை முறிக்கும் நலாக்சோனும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்கு முன்பாகக் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும்.