மரபுவழிப் பிரியான் நோய்கள்: பெங்களூருவின் பதிவேடும் மூளை வங்கியும்

மரபுவழிப் பிரியான் நோய்கள் மூளையை அழிக்கும் அரிய குடும்ப நோய்கள். 20ஆம் குரோமோசோமில் உள்ள பிஆர்என்பி மரபணுவில் பிறழ்வு இருந்தால், அது உருவாக்கும் புரதம் தவறாக மடிகிறது. அப்படி மடிந்த புரதம் பக்கத்திலுள்ள நல்ல புரதத்தையும் தன் வடிவத்துக்கு மாற்றிவிடும். பெற்றோரில் ஒருவருக்குப் பிறழ்வு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. குடும்பவழி கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் (சிஜேடி), கெர்ஸ்ட்மன்-ஸ்ட்ராய்ஸ்லர்-ஷைன்கர் நோய், உயிர்குடிக்கும் குடும்பவழித் தூக்கமின்மை ஆகியவை இவ்வகையின.

மூன்றாவதே மிகக் கொடியது. தூக்கத்தை நெறிப்படுத்தும் தலாமஸ் பகுதி அழிவதால் ஆழ்ந்த உறக்கம் அறவே போய்விடுகிறது. ஓயாத வியர்வை, படபடப்பு, தள்ளாட்டம், விழித்தபடியே காணும் கனவு என வளர்ந்து, பெரும்பாலும் நடுவயதில் தொடங்கி, சில மாதங்களிலிருந்து மூன்று ஆண்டுக்குள் உயிரைப் பறிக்கிறது. தூக்க மாத்திரை பயன் தருவதில்லை.

இந்நோய் வெளிச்சத்துக்கு வந்தது இத்தாலியில். வெனிஸ் பகுதிக் குடும்பம் ஒன்றில் பெண்ணெடுத்த மருத்துவர் இக்னாசியோ ரோய்ட்டர், மனைவியின் உறவினர் ஒருவர்பின் ஒருவராக உறக்கமின்றி இறப்பதைக் கண்டு, தேவாலயப் பதிவேடுகளில் முன்னோரின் மரணங்களைத் தேடினார். பொலோனியாவின் எலியோ லுகாரேசி குழு 1986இல் நோயை விவரித்தது. காரணமான பிறழ்வு 1992இல் தெரிந்தது. அதே ஆண்டு வெளியான இன்னொரு முடிவு வியக்கவைப்பது: மரபணுவின் 178ஆம் இடத்தில் உள்ள அந்தப் பிறழ்வு ஒன்றே, ஆனால் அதே மரபணுவின் 129ஆம் இடத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்துக்கான குறி இருந்தால் தூக்கமின்மை நோய், வாலின் இருந்தால் சிஜேடி. நோய் பரப்பும் புரதத்துக்குப் ‘பிரியான்’ என்று 1982இல் பெயரிட்ட ஸ்டான்லி புரூசினர் 1997இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தியாவில் பிரியான் நோய்களின் வரலாறு பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையைச் சுற்றியே அமைந்தது. நாட்டின் சிஜேடி பதிவேடு அங்கேதான் பேணப்பட்டது. 1971 முதல் 1990 வரை இந்தியாவில் அறியப்பட்ட சிஜேடி நோயாளிகளைப் பற்றிய கட்டுரையை நிம்ஹான்ஸின் ப. சதீஷ்சந்திராவும் எஸ்.கே. சங்கரும் 1991இல் வெளியிட்டனர். 2005இல் இவ்விருவரின் குரல் உலகளவில் தேவைப்பட்டது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து ஏற்றுமதியான எலும்புகளில் ஆற்றில் விடப்பட்ட மனித எச்சங்கள் கலந்ததால் பிரிட்டனில் மாட்டுப் பித்த நோய் தோன்றியிருக்கலாம் என்று பிரிட்டன் ஆய்வாளர் ஆலன் கோல்செஸ்டரும் அவர் மகளும் ‘லான்செட்’ இதழில் எழுதினர். அதே இதழில் பெங்களூரு அறிஞர்கள் இருவரும் மறுமொழி தந்தனர். ஒரு நாட்டின் பண்பாட்டையும் சமயத்தையும் தொடும் கருதுகோளை மிகுந்த எச்சரிக்கையோடு முன்வைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அது நிதானமான, அறிவார்ந்த மறுமொழி.

சங்கரின் முயற்சியால் 1995இல் நிம்ஹான்ஸில் மனித மூளை வங்கி உருவானது. பிரியான் நோயை ஐயமற உறுதிசெய்ய மூளைத் திசுவே வேண்டும். இறந்தவரின் உடலை அறுக்க இசையும் குடும்பங்களோ நம் நாட்டில் குறைவு. இந்நோய் இங்கே மறைந்தே கிடப்பதற்கு அதுவே பெரிய காரணம். அந்தத் திசுவைக் கையாள்வதும் எளிதன்று. ஃபார்மலின் பிரியானை அழிப்பதில்லை. ஃபார்மிக் அமிலத்தில் ஊறவைத்த பிறகே வழக்கமான ஆய்வுக்கு எடுப்பார்கள்.

உறங்காத நோயாளிக்கெல்லாம் பிரியான் நோய் என்று முடிவுகட்டக் கூடாது. ஏறத்தாழ அதே அறிகுறிகளைக் காட்டும் மோர்வான் நோய், உடலின் எதிர்ப்பாற்றல் தன் நரம்புகளையே தாக்குவதால் வருவது. அதைச் சிகிச்சையால் தணிக்க முடியும். எனவே அதைக் கண்டறியும் எதிர்ப்பொருள் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

அமெரிக்காவில் சட்டம் படித்த சோனியா வல்லப், 2010இல் தாயை உயிர்குடிக்கும் குடும்பவழித் தூக்கமின்மையால் இழந்தார். தனக்கும் பிறழ்வு உண்டு என்று அடுத்த ஆண்டு அறிந்தார். கணவர் எரிக் மினிக்கலோடு துறை மாறி, பிரியான் ஆய்வில் முனைவர் பட்டம் பெற்றார். இப்போது பிரியான் புரத உற்பத்தியையே குறைக்கும் மருந்து முதுகுத்தண்டு நீரில் செலுத்தப்பட்டு, நோயாளிகளிடம் சோதிக்கப்படுகிறது. அறிகுறி தோன்றும் முன்பே மருந்து கொடுக்க வேண்டும் என்கிறார் வல்லப். மரபணுச் சோதனையில் பிறழ்வு தெரிந்தவர்களுக்கே அது இயலும்.