கஞ்சியும் உளியும் காடியும்

அப்பா அம்மி கொத்துபவர். கல்லூரி நிலவியல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தபோது அவருடைய சிற்றுளி ஒன்றைத்தான் கொண்டுபோனேன். புதைபடிவத்தைச் சுத்தம் செய்வதற்கென்றே செய்த கருவி எதுவும் அன்று அங்கே இல்லை. இந்தத் தொழிலின் கதையைப் படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, பெரும்பாலும் எல்லாமே இரவல் சரக்கு.

1876-ல் அமெரிக்காவின் மொன்டானாவில் எட்வர்ட் கோப்பும் சார்லஸ் ஸ்டெர்ன்பெர்க்கும் டைனோசர் எலும்புகளைத் தோண்டினார்கள். தூக்கினால் உதிர்ந்துவிடும் எலும்புகள். சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த அரிசியைக் குழையக் காய்ச்சி, மாவுச் சாக்கையும் துணியையும் அதில் தோய்த்து எலும்பைச் சுற்றிக் கட்டினார்கள். காய்ந்ததும் இறுகிவிட்டது. வேட்டிக்குக் கஞ்சி போட்ட கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு அந்த இடத்துக்கு, கால் முறிந்தவருக்குப் போடும் அதே மாவுக்கட்டு வந்தது.

பிராக்கியோசாரஸ் என்ற டைனோசருக்குப் பெயர் வைத்த சிகாகோ அருங்காட்சியகத்தின் எல்மர் ரிக்ஸ், 1903-ல் காற்றழுத்த உளியைப் பற்றி எழுதினார். அது கல்தச்சர்களின் கருவி. அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

லண்டனில் ஹாரி டூம்ப்ஸ் என்பவர் உளியையே தள்ளிவைத்தார். காடியில் இருக்கிற அசிட்டிக் அமிலத்தை நீர்க்கவிட்டு அதில் பாறையை ஊறவைத்தார். சுண்ணாம்புக்கல் கரையும், பாஸ்பேட்டால் ஆன மீன் எலும்பு நிற்கும். வெளிப்பட்ட எலும்பைக் கழுவி, பூச்சிட்டு, மறுபடி ஊறவைக்க வேண்டும். 1948-ல் இந்த முறையை வெளியிட்டார்.

அதைப் படித்த வேகத்தில், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கிடந்த அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுப் படிவம் ஒன்றை இரவு முழுவதும் காடியில் போட்டேன். காலையில் பார்த்தால் ஓட்டின் வரிகள் எல்லாம் மழுங்கியிருந்தன. பாறையும் சுண்ணாம்பு, ஓடும் சுண்ணாம்பு. அமிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். கோடிக்கணக்கான ஆண்டுகள் தாங்கிய வரிகளை ஒரே ராத்திரியில் நான் அழித்தேன். அந்த வருத்தம் இன்றும் ஆறவில்லை.

படிவத்தை மட்டுமல்ல, அதைப் பிடித்திருக்கும் மண்ணையும் பார்த்துத்தான் கருவியை எடுக்க வேண்டும். காரை என்ற ஊரின் களிமண்ணில் கிடக்கும் பெலம்னைட் படிவத்துக்குப் பழைய பல் பிரஷ் போதும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லுக்கு ஊசியும் சிற்றுளியும் பொறுமையும் வேண்டும்.

உங்கள் கைக்கு ஒரு படிவம் வந்தால், அதைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் பதிந்தால் உளியைத் தொடாதீர்கள். சீவிய மூங்கில் குச்சி போதும்.